மூழ்காத கப்பலும் மூழ்கிய ஊர்களும்: புனேயின் ஏரிகளுக்கு ஒரு முக்குளிப்புத் திட்டம்

புனே நகரின் கேம்ப் பகுதியிலிருந்து புறப்பட்டு, நன்னீரில் மூழ்கிக் கிடக்கும் கப்பல் ஒன்றைக் காண முக்குளிப்புப் பயணம் திட்டமிடும் ஒருவர், வரைபடத்தை விரித்தவுடன் ஏமாற்றமே அடைவார். ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. கடக்வாஸ்லா, பான்ஷேத், முல்ஷி, பவனா, பாட்கர், உஜனி என இரண்டு மூன்று மணி நேரப் பயணத்திற்குள் நீர்ப்பரப்புகள் விரிந்து கிடக்கின்றன. அவற்றின் கரைகளில் விடுதிகளும் கூடார முகாம்களும் வார இறுதிகளில் நிரம்பி வழிகின்றன. ஆயினும் இவற்றுள் ஒன்றுகூட இயற்கை ஏரி அன்று. அனைத்தும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் ஆறுகளை மறித்து உருவாக்கப்பட்ட நீர்த்தேக்கங்கள். பாய்மரக் கப்பலோ நீராவிக் கப்பலோ இவற்றில் வணிகம் செய்ததில்லை. ஆகவே மூழ்குவதற்கும் கப்பல் இல்லை. புனேயில் ஸ்கூபா பயில்வோர் நீச்சல் குளத்தில் பாடங்களை முடித்துக்கொண்டு மால்வண், கோவா, அந்தமான் என்று கடலை நோக்கிச் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்த ஏரிகளின் அடித்தளம் வெறுமையானது அன்று. கப்பல்கள் இருக்க வேண்டிய இடத்தில் அங்கே ஊர்கள் இருக்கின்றன. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதே அத்தகைய பயணத் திட்டத்தின் முதற்படி. கப்பற்சிதைவு என்பது ஒரு விபத்தின் எச்சம். அணைநீருக்குள் கிடக்கும் ஊரோ ஒரு முடிவின் எச்சம். அந்த முடிவை எடுத்தவர் உண்டு, அதனால் பயனடைந்தவர் உண்டு, அதற்கு விலை கொடுத்தவரும் உண்டு.

நன்னீர் எதைக் காக்கிறது

உலகெங்கும் முக்குளிப்போர் நன்னீர்க் கப்பற்சிதைவுகளைத் தேடிச் செல்வதற்கு அறிவியல் சார்ந்த காரணம் உண்டு. வெப்பக் கடல்களில் மரக்கலங்களை அரித்துத் தின்னும் கப்பற்புழு உப்புநீரில் வாழும் உயிரி. நன்னீரில் அது இல்லை. குளிர்ந்த ஆழத்தில் நுண்ணுயிர்களின் சிதைப்பும் மெதுவாகவே நடக்கிறது. உலோகமும் கடல்நீரில் அரிக்கப்படுவதுபோல விரைவாக அரிக்கப்படுவதில்லை. எனவேதான் வட அமெரிக்கப் பேரேரிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டு மரக்கப்பல்கள் இன்றும் உருக்குலையாமல் கிடக்கின்றன.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலுள்ள டோபர்மோரி என்னும் ஏரிக்கரைச் சிற்றூர் இதற்குச் சிறந்த சான்று. டொராண்டோவில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கும் அது கோடைச் சுற்றுலாவிற்குரிய ஊர்தான். 1867-இல் கட்டப்பட்ட 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' என்னும் பாய்மரக் கப்பல் சேதமுற்று அங்குள்ள துறைக்கு இழுத்து வரப்பட்டு, 1885-இல் மூழ்கியது. ஆழம் மிகக் குறைவு என்பதால் படகில் இருந்தபடியே அதன் உடற்பகுதியைக் காண முடிகிறது. 1987-இல் அப்பகுதி தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே முக்குளிக்க விரும்புவோர் முன்னதாகப் பதிவு செய்தாக வேண்டும். கப்பலிலிருந்து எதையும் எடுத்துச் செல்லக் கூடாது.

உப்புக் குறைந்த பால்டிக் கடலும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. 1628-இல் தன் முதற் பயணத்திலேயே மூழ்கிய சுவீடன் நாட்டின் 'வாசா' போர்க்கப்பல், 333 ஆண்டுகள் கழித்து 1961 ஏப்ரலில் ஏறத்தாழ முழுமையாக மேலே கொண்டுவரப்பட்டது. கப்பற்புழு அங்கு வாழ இயலாமையே அதற்கு முதன்மைக் காரணம்.

தக்காணத்தின் நீர்த்தேக்கங்களோ வேறு இயல்பு கொண்டவை. நீர் வெதுவெதுப்பானது. ஆண்டுதோறும் பருவமழை வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீர்மட்டம் ஒரே நிலையில் நிற்பதில்லை. செப்டம்பரில் நிரம்பும் ஏரி மே மாதத்தில் வற்றிச் சுருங்குகிறது. நனைவதும் காய்வதுமாக மாறி மாறி நிகழும் இந்தச் சுழற்சி, நிலையாக நீருக்குள் கிடப்பதைவிடக் கட்டடங்களுக்குக் கேடு விளைவிப்பது. மரம் இங்கே நெடுங்காலம் நிற்காது. நிலைத்திருப்பது கல் மட்டுமே. கோயில், படித்துறை, கிணற்றுச் சுவர், வீட்டின் அடித்தளம் ஆகியவையே எஞ்சுகின்றன.

கடக்வாஸ்லாவின் கப்பல்

கேம்ப் பகுதிக்கும் இந்த ஏரிகளுக்கும் உள்ள உறவு தண்ணீரில் தொடங்குகிறது. 1817 நவம்பரில் கட்கிப் போரில் பேஷ்வாவின் படை தோற்ற பின், ஆங்கிலேயர் பழைய நகரின் கிழக்கே பாசறை அமைத்தனர். அந்தப் பாசறையே பிற்காலத்தில் புனே கன்டோன்மென்ட் ஆனது. அதனை மக்கள் இன்றும் கேம்ப் என்றே அழைக்கின்றனர். படைவீரர், குதிரைகள், பணியாளர், வணிகர் எனப் பெருகிய அந்தக் குடியிருப்புக்குக் குடிநீர் பெரும் சிக்கலாயிற்று. பம்பாயின் பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் பெருங்கொடையால் முலா-முட்டா ஆற்றின் குறுக்கே 1850-இல் ஒரு தடுப்பணை எழுந்தது. இன்றைய பண்ட் கார்டன் என்னும் பெயரில் உள்ள 'பண்ட்' அந்த அணைக்கட்டையே குறிக்கிறது.

அதுவும் போதாமற்போகவே, முட்டா ஆற்றின் மேற்பகுதியில் கடக்வாஸ்லாவில் பெரிய கல்லணை கட்டப்பட்டது. திட்டத்தை வகுத்த பொறியாளர் ஃபைஃப்பின் பெயரால் அந்த ஏரி 'ஃபைஃப் ஏரி' எனப்பட்டது. 1870களில் புனே அருகே நடந்த அணைக் கட்டுமானத்திற்குப் பொருள்கள் வழங்கிய ஒப்பந்ததாரர்களுள் ஜோதிராவ் புலேயும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் உழவர்களின் நிலை குறித்து எழுதியபோது, பாசனத் துறையின் அதிகாரிகளை அவர் கடுமையாகச் சாடினார். அணைப் பணியை அருகிருந்து கண்டவர் ஒருவரின் குரல் அதில் ஒலிக்கிறது.

புனேயின் நன்னீரில் கப்பலே இருந்ததில்லை என்று கூறினால் அது முற்றிலும் சரியன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடக்வாஸ்லா ஏரியின் வடகரையில் முப்படைக் கூட்டுப் பயிற்சி மையம் ஒன்று இயங்கியது. கப்பலிலிருந்து கரையிறங்கித் தாக்கும் போர்முறையைக் காலாட்படையினருக்குக் கற்பிக்க அங்கே ஒரு மாதிரிக் கப்பல் அமைக்கப்பட்டது. அதற்கு முறைப்படி 'எச்.எம்.எஸ். அங்கோஸ்டுரா' என்னும் பெயரும் சூட்டப்பட்டிருந்தது. கடலிலிருந்து வெகு தொலைவில், மலைகளுக்குப் பின்னே, ஒருபோதும் பயணம் செய்யாத கப்பல் அது. போருக்குப் பின், தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு இடம் தேடியபோது, அந்தப் பயிற்சி மையத்தின் ஏரிக்கரையே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1949-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இன்றும் அகாடமியின் மாணவர்கள் ஏரியின் ஒரு பகுதியில் பாய்ப்படகு ஓட்டக் கற்கின்றனர்.

மூழ்காத அந்தக் கப்பலுக்கு வரலாற்றில் ஒரு பெயர் உண்டு. மூழ்கிய ஊர்களின் பெயர்களை நினைவுகூர்வோர் எத்தனை பேர் என்பதே அடுத்த கேள்வி.

முல்ஷி: ஒரு முடிவின் அடியில்

புனேயின் மேற்கே, நீலா, முலா ஆறுகள் சேரும் மாவள் பள்ளத்தாக்கில் டாட்டா நிறுவனம் நீர்மின் திட்டம் ஒன்றை வகுத்தது. அணையில் தேங்கும் நீர், இயல்பாகக் கிழக்கே பாய வேண்டியது, சுரங்கம் வழியே மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவில் இறக்கப்பட்டு பிராவில் மின்சாரமாக மாற்றப்படும். அந்த மின்சாரம் பம்பாயின் ஆலைகளுக்கும் நகருக்கும் செல்லும். 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், தனியார் நிறுவனம் ஒன்றுக்காக உழவரின் நிலத்தை அரசு எடுத்துக் கொடுக்க வழிசெய்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் பாதிப்புக்குள்ளாயின.

1921 ஏப்ரலில் மாவள் உழவர்கள் கட்டுமான இடத்திலேயே அறப்போரைத் தொடங்கினர். பெண்களும் குழந்தைகளும் அதில் பங்கேற்றனர். போராட்டத்தின் முன்னணியில் நின்ற பாண்டுரங் மகாதேவ் பாபட்டுக்குச் 'சேனாபதி' என்னும் பட்டம் அமைந்தது இந்தப் போராட்டத்தால்தான். விநாயக்ராவ் புஸ்குடே அவருடன் நின்றார். ஆனால் இயக்கத்திற்குள் ஒரு பிளவு தோன்றியது. நிலத்தை எந்த விலைக்கும் தரமாட்டோம் என்றவர் ஒருபுறம். இழப்பீட்டை உயர்த்திக் கேட்போம் என்றவர் மறுபுறம். பள்ளத்தாக்கில் நிலவுரிமையும் கடன் பத்திரங்களும் வைத்திருந்த புனே நகரத்தாருக்கும், அந்த நிலத்தில் ஏர் பூட்டிய மாவளருக்கும் நலன்கள் ஒன்றாக இருக்கவில்லை. 1924-இன் இறுதியில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. பாபட் நீண்ட சிறைத் தண்டனை பெற்றார். 1927-இல் பிரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. புனேப் பல்கலைக்கழகத்தின் அரசியலறிஞர் ராஜேந்திர வோரா இப்போராட்டத்தை உலகின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என்று மதிப்பிட்டுத் தனி நூலே எழுதியுள்ளார்.

இன்று அதே நீர்ப்பரப்பைப் பார்க்கும் அறைகளுக்கு விடுதிகள் கூடுதல் வாடகை பெறுகின்றன. 'இயற்கை எழில்' என விளம்பரங்கள் வருணிப்பது, நூறாண்டுகூட நிறையாத ஒரு செயற்கைப் பரப்பைத்தான்.

முல்ஷி தனித்த நிகழ்வன்று. பவனா ஏரியில் வாகேஷ்வர் கோயிலும், பாட்கர் ஏரியில் காம்பரேஷ்வர் கோயிலும், உஜனியின் பின்நீரில் பளஸ்தேவ் ஊரின் பளஸ்நாத் கோயிலும் ஆண்டின் பெரும்பகுதியை நீருக்குள் கழிக்கின்றன. கோடையில், அல்லது கடும் வறட்சி ஆண்டுகளில், அவை வெளிப்படுகின்றன. அப்போது பக்தர்களும் புகைப்படக் கலைஞர்களும் சேற்றில் நடந்து சென்று அவற்றைக் காண்கின்றனர்.

தமிழ் வாசகருக்கு இக்காட்சி புதிதன்று. 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியிலிருந்து வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பகுதியில் பழைய தேவாலயத்தின் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் தலைகாட்டுவது செய்தித்தாள்களின் வழக்கமான படம். பவானிசாகர் வற்றும்போது டணாய்க்கன் கோட்டையின் மாதவராயப் பெருமாள் கோயில் எழுந்து நிற்கிறது. நந்தி தெரிந்தால் டெல்டாவில் குறுவைக்கு நீர் இருக்காது என்பது காவிரிக் கரையின் கணக்கு. ஒரு கரையினரின் நினைவு மேலெழும் நாள், மறு கரையினரின் பயிர் வாடும் நாளாக இருக்கிறது.

1961: நீர் திரும்பி வந்த நாள்

வாசா கப்பல் நீரிலிருந்து மேலெழுந்த அதே 1961-இல் புனே நீருக்குள் சென்றது. ஜூலை 12 அன்று, கட்டி முடிக்கப்படாத நிலையிலேயே நீர் தேக்கப்பட்ட பான்ஷேத் மண்ணணை உடைந்தது. முந்தைய இரவு முழுவதும் இராணுவ வீரர்கள் மணல்மூட்டைகளை அடுக்கி அதைத் தாங்கிப் பிடிக்க முயன்றனர். உடைப்பு காலைவரை தள்ளிப்போனதற்கு அவர்களின் உழைப்பே காரணம். இல்லையேல் நகரம் உறக்கத்திலேயே மூழ்கியிருக்கும். பாய்ந்து வந்த நீர் கீழேயிருந்த கடக்வாஸ்லா அணையையும் உடைத்தது. முட்டா ஆற்றங்கரையிலிருந்த பழைய பேட்டைகள் வெள்ளத்தில் மூழ்கின. மேட்டு நிலத்திலிருந்த கேம்ப் பெரும்பாலும் தப்பியது. எனினும் நகருக்கும் கேம்புக்கும் நீர் தந்த ஏரி ஒரே நாளில் வடிந்துபோனதால் குடிநீருக்கு எங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது.

அணைக்கு மேலே இருப்பவர் ஊரை இழந்தனர். கீழே இருப்பவர் ஒருநாள் வெள்ளத்தில் வீட்டை இழந்தனர். இவ்விரு இழப்புகளையும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாக வாசிக்கும் ஆய்வுகள் இன்னும் பெருக வேண்டும்.

திட்டமிடுவோர் கணக்கிட வேண்டியவை

இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் ஒருவர் நீருக்குள் இறங்கத் திட்டமிட்டால், கடற்கரையில் கற்ற கணக்குகளை அவர் மாற்றியாக வேண்டும். முதலாவது உயரம். இந்த ஏரிகள் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 முதல் 650 மீட்டர் உயரத்தில் உள்ளன. 300 மீட்டருக்கு மேற்பட்ட எந்த முக்குளிப்பும் உயர்நில முக்குளிப்பாகவே கருதப்படும். 600 மீட்டரில் வளிமண்டல அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 93 விழுக்காடு மட்டுமே. எனவே அங்கே 20 மீட்டர் இறங்குவது, நன்னீரின் குறைந்த அடர்த்தியைக் கழித்த பின்னரும், அட்டவணைப்படி ஏறத்தாழ 21 மீட்டருக்குச் சமம். இரண்டாவது எடை. நன்னீர் கடல்நீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு இலேசானது. கருவிகளுடன் 100 கிலோ எடையுள்ளவர் இடுப்பு ஈயத்தில் இரண்டரைக் கிலோவைக் குறைக்க வேண்டும். மூன்றாவது பயண வரிசை. பாட்கரில் முக்குளித்துவிட்டு அன்றே 1,300 மீட்டருக்கு மேலுள்ள மகாபலேஷ்வருக்கு ஏறுவது, உடலில் கரைந்துள்ள நைட்ரஜன் குமிழிகளாக மாறும் ஆபத்தை வலிந்து அழைப்பதாகும்.

இவற்றோடு மதகுகளின் உறிஞ்சும் விசை, அறுபட்ட மீன்வலைகள், நீருள் நிற்கும் மரக்கட்டைகள், கையளவு தொலைவுகூடத் தெரியாத கலங்கல் ஆகியனவும் உண்டு. நீர்த்தேக்கங்கள் அரசின் நீர்வளத் துறைக்கோ மின் நிறுவனத்திற்கோ உரியவை. கடக்வாஸ்லாவின் ஒரு கரை இராணுவக் கட்டுப்பாட்டில் உள்ளது. இசைவின்றி இறங்குவது சட்டத்திற்கும் அறிவுக்கும் பொருந்தாது. இந்த ஏரிகளில் பெரும்பாலும் முக்குளிப்போர் சுற்றுலாப் பயணிகள் அல்லர். கால் வழுக்கி விழுந்த சுற்றுலாப் பயணிகளின் உடல்களைத் தேடி இறங்கும் மீட்புக் குழுவினரே.

ஆகவே கணக்குகள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் விடை எதிர்பாராதது. இந்த ஏரிகளின் அடியைக் காண உகந்த காலம் மே மாதம். உகந்த வழி நடை. காற்றுக் கலன் தேவையில்லை. தேவைப்படுவது பழைய வருவாய்த்துறை வரைபடமும், அந்த ஊரை விட்டு வெளியேறியவர்களின் வழிவந்தோர் ஒருவரின் துணையும் ஆகும்.

நூறாண்டு என்னும் எல்லை

நீருக்கடிப் பண்பாட்டு மரபுகளைக் காக்க யுனெஸ்கோ 2001-இல் ஏற்ற உடன்படிக்கை 2009-இல் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது நூறாண்டுகள் நீருக்குள் கிடந்த மனித எச்சங்கள் அதன் பாதுகாப்பிற்குரியவை. முழுமையாகவோ பகுதியாகவோ, தொடர்ந்தோ அவ்வப்போதோ மூழ்கியிருந்தாலும் அவை அதில் அடங்கும். கடல் மட்டுமன்றி உள்நாட்டு நீர்நிலைகளுக்கும் அதை விரித்துக்கொள்ள உறுப்பு நாடுகளுக்கு வாய்ப்பு உண்டு. இந்தியா இதில் இணையவில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் நீரடித் தொல்லியல் பிரிவும் துவாரகை, மாமல்லபுரம் எனக் கடலையே பெரிதும் நோக்கியுள்ளது.

நாடு இத்தகைய பணியை அறியாததன்று. நாகார்ஜுனசாகர் அணைக்காக மூழ்கவிருந்த நாகார்ஜுனகொண்டாவில் 1954 முதல் 1960 வரை விரிவான அகழாய்வு நடந்தது. சின்னங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு மேட்டில் மீண்டும் நிறுவப்பட்டன. இக்குவாகு மன்னர் காலப் பௌத்த விகாரங்களுக்குக் கிடைத்த அந்தக் கவனம், மாவள் உழவனின் களத்துமேட்டிற்குக் கிடைத்ததில்லை. தொன்மை ஒன்றே மதிப்பின் அளவுகோலாக இருக்கும்வரை கிடைக்கப்போவதும் இல்லை.

2027-இல் பிரா மின்நிலையம் நூறாண்டை நிறைவு செய்யும். 2034-இல் மேட்டூர் நிறைவு செய்யும். அதாவது இந்த நீர்ப்பரப்புகளின் அடியில் கிடக்கும் ஊர்கள் உலக அளவுகோலின்படி 'மரபு' எனப்படும் வயதை எட்டப்போகின்றன. அந்த வயதை எட்டும்போது அவற்றைக் குறித்த ஆவணம் எதுவாக இருக்கும் என்பதை இன்றைய மாணவர்களே முடிவு செய்ய இயலும். நில எடுப்பு அறிவிக்கைகளிலுள்ள ஊர்ப்பெயர்கள், கோடையில் வெளிப்படும் கட்டடங்களின் அளவீடுகள், குடிபெயர்ந்த குடும்பங்களின் வாய்மொழி நினைவுகள் என்னும் மூன்றையும் ஒருங்கிணைத்தால், ஒரு நீர்த்தேக்கத்திற்கு ஒரு முனைவர் பட்ட ஆய்வு என்ற அளவில் பணி காத்திருக்கிறது. இவற்றுள் வாய்மொழி நினைவே மிக விரைவாக மறைவது. கல் அடுத்த கோடைக்கும் காத்திருக்கும். மூழ்குவதற்கு முன் ஊர் எப்படி இருந்தது என்று தன் பாட்டி சொல்லக் கேட்ட தலைமுறை அவ்வளவு காலம் காத்திருக்காது.